நாற்காலிக்குப் போனவர்கள்

1

நேற்றுச் சாயங்காலம் ஈப்போ ரயிலடியிலிருந்து என் மகன் ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தான். நான் ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் நடந்து வந்தேன். தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. நம் ஏற்காட்டில் கடைவீதியிலிருந்து ஏரிக்கரைக்குப் போகிற தூரம்தான். அதற்கு ஒரு வண்டி, அந்த வண்டியை இழுக்க எலும்பும் தோலுமாக ஒரு சீனக் கிழவர். இருபது வயதுப் பிள்ளை, சிங்கப்பூரில் காலேஜ் படிக்கிறவன், ரயிலை விட்டு இறங்கியதும் நேரே போய் அதில் உட்கார்ந்துகொண்டு, "ஏறும்மா" என்றான். நான் ஏறவில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தான். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

வழியில், இந்தத் தூரத்தை நடக்கக் கூடாதா நடேசா என்று கேட்டேன். "எனக்கு அவ்ளோ தூரம் நடக்கத் தெரியாதும்மா" என்றான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, முடியாது இரண்டும் ஒன்றுதான். மலாயில் விளையாடி, இங்கிலீஷில் படித்து, மிச்சம் மீதி இருப்பதைத் தமிழில் பேசுகிறார்கள். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி என்று பட்டது. அவனுக்கு நடக்கத் தெரியாதுதான். யார் சொல்லிக் கொடுத்தோம்?

லீவுக்கு வந்தால் அவன் வாசம் செய்வது வராந்தாவில் கிடக்கும் சாய்வு நாற்காலியில். காப்பி அங்கே போகும், பலகாரம் அங்கே போகும், செய்தித்தாள் அங்கே போகும். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருவான், அதுவும் இரண்டு குரல் கொடுத்த பிறகு. கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வா என்றால், கையில் எதையாவது தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது கூலிகளின் வேலை என்பான். அந்த வார்த்தையை அவன் சொல்லும்போது எனக்குக் கன்னத்தில் இரண்டு வைக்கலாமா என்று வரும். நான் யார் வீட்டுப் பெண் என்று அவனுக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்பது அவனுடைய அப்பாவின் கட்டளை.

இப்போது பிரச்சினை இதுதான். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் காகிதம். நான் கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கு நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணிமையை மேலே தூக்கிப் பார்த்து, ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. இப்போது காலேஜிலிருந்து ஒரு காகிதம். பிள்ளைகளை டாக்டர் சோதித்துப் பார்த்தாராம். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்கள், இந்த வயதில் இருக்கக் கூடாத தொப்பையும் இருக்கக் கூடாத மூச்சிரைப்பும் இருக்கின்றன என்று கண்டாராம். ஆகவே இனி எல்லாரும் மைதானத்துக்கு வந்து ஓட வேண்டும், வராதவர் பரீட்சை எழுத முடியாது. உடம்புக்கு முடியாதவர் டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் விலக்கு உண்டு.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க். அந்தக் காகிதத்தில் கடைசி வரி மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஹார்ட் வீக் என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடலாம், பையன் நிம்மதியாகப் படிக்கட்டும் என்றார். பையனும் தலையாட்டினான்.

ஹார்ட் வீக். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். சீட்டு வாங்கக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியாயிற்று. ஏன் கூடாது என்பதை ஊர்க்காரரான உங்களுக்குத்தான் எழுதப் போகிறேன். உங்களுக்கு மலை தெரியும்.

2

இப்போது நீங்கள் சேலத்தில் பஸ் ஏறினால் ஏற்காட்டுக் கடைவீதியில் இறங்குகிறீர்களாம். ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். வளைவில் தலை சுற்றுகிறது என்று குறை வேறு. நான் சிறுமியாக இருந்த காலத்தில் மலைக்கு மோட்டார் கிடையாது. அடிவாரத்திலிருந்து குதிரைப் பாதை ஒன்றுதான். துரைமார் குதிரையில் ஏறுவார்கள். துரைசானிகள், நோயாளிகள், சீசனுக்கு வருகிற கீழ்நாட்டுப் பெரிய மனிதர்கள் எல்லாரும் நாற்காலியில் வருவார்கள். பிரம்பு நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நீளக் கழி கட்டி நான்கு பேர் தோளில் தூக்குவது. அவர்கள் களைத்தால் தோள் மாற்றிக்கொள்ள இன்னும் நான்கு பேர் பின்னாலேயே வருவார்கள். என் அப்பா சடையன் அந்த முன் கழியில் வலது பக்கத்து ஆள்.

கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைனில் எங்கள் வீடு. லைனில் நாற்காலி என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். உங்கப்பன் எங்கே என்று யாராவது கேட்டால், நாற்காலிக்குப் போயிருக்குது என்போம். நாற்காலி தோளில் வைப்பதற்கு. அதில் நம்மைப் போன்றவர்கள் உட்காரவும் செய்யலாம் என்று லைனில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. பிற்பாடு மலாய் நாட்டு மாப்பிள்ளைக்கு என்னைக் கேட்டு வந்த தரகர், மாப்பிள்ளைக்கு நாற்காலி உத்தியோகம் என்று பெருமையாகச் சொன்னார். தாலி கட்டும்போது குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் மாப்பிள்ளையின் வலது தோளைத்தான் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வேறு நாற்காலியும் உண்டு என்று அதற்குள் தெரிந்திருந்தும், பழைய நினைப்பில், இந்தத் தோளை வைத்துக்கொண்டு இவர் எங்கே நாற்காலி தூக்குகிறார், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று பயந்தேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

அப்பாவின் வலது தோளில் காய்ப்பு ஏறி, தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மேடு இருந்தது. மழைக் காலத்தில் அது வெடித்து நீர் வடியும். அம்மா விளக்கெண்ணெயைக் காய்ச்சித் தடவிவிடுவாள். மறுநாள் மறுபடியும் நாற்காலிக்குப் போய்விடுவார்.

என் அண்ணன் பெருமாளுக்கு ஐந்து வயதிருக்கும்போது நடந்ததாக அம்மா சொல்லுவாள். நாற்காலிகளை வைக்கிற கொட்டகையில் அவன் விளையாட்டாக ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி காதைத் திருகி இறக்கிவிட்டதோடு நில்லாமல், ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அந்த நாற்காலியைக் கழுவவும் சொன்னார். கழுவியது என் அப்பா. கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் சொன்னாராம்: "இவன் உக்காரோணும். இவன் காலு இந்த மலையில நடக்கக் கூடாது. எந்தச் சாமிகிட்ட வேணா சொல்லிக்க, இவன் உக்காந்தே ஆகோணும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். அண்ணன் தண்ணீர் எடுக்கப் போக மாட்டான். விறகுக்குப் போக மாட்டான். காப்பிப் பழம் பறிக்கப் போக மாட்டான். அதெல்லாம் யார் செய்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், பெண் பிள்ளை ஒருத்தி வீட்டில் இருந்தாளே. அவன் உட்கார்ந்து படித்தான். படிக்கவும் செய்தான், அதில் குறை சொல்ல முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முதல் பையன். எஸ்டேட்டின் பெரிய துரைசானி, பிள்ளையில்லாதவள், இவனைப் பார்த்து ஆசைப்பட்டு, சேலத்தில் ஹைஸ்கூல், பிறகு காலேஜ் என்று படிக்க வைத்தாள். லைனிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். லீவுக்கு வருகிறபோதுகூட அடிவாரத்திலிருந்து பொதி மட்டக்குதிரை ஒன்றுக்கு அப்பா சொல்லி வைத்துவிடுவார். காப்பி மூட்டையை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற குதிரை. அதன்மேல் சாக்கைப் போட்டு அண்ணனை ஏற்றிக் கூட்டி வருவார். நானும் அம்மாவும் அவனுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடப்போம்.

3

காலேஜில் எஃப்.ஏ. முதல் வருஷம் அவன் படித்துக்கொண்டிருந்தபோது, ஆரஞ்சுப் பருவத்தில், அப்பாவும் நானும் ஒரு கூடைப் பழத்தைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிப் போனோம். காலேஜ் வாசலில் கேட்டதற்கு மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாரும் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் பட்டாளத்து மீசை வைத்த ஒருவர் பிரம்பும் விசிலுமாக நிற்கிறார். முதல் பத்துப் பேருக்குள் அண்ணன் ஓடுகிறான். முகமெல்லாம் வியர்வை.

அப்பா கூடையை அப்படியே கீழே வைத்தார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டில், காலையில் பேர் கூப்பிடும்போது பிந்தி வந்தவர்களையும், முந்தின நாள் கூடை நிறையாதவர்களையும், மேஸ்திரி காப்பிக் களத்தைச் சுற்றி ஓடவிடுவார். பிரம்போடு நடுவில் நிற்பார். ஓட்டம் என்றால் எங்களுக்குத் தண்டனை. வேறு ஓட்டம் நாங்கள் பார்த்ததில்லை. அப்பா நேரே அந்த மீசைக்காரரிடம் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"ஏனுங்க சாமி, எம் பையன் என்ன தப்புப் பண்ணுனானுங்க? அவன உட்டுருங்க. அவனுக்குப் பதிலா நான் ஓடறனுங்க."

மைதானமே சிரித்தது. டிரில் மாஸ்டர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. தப்பு ஒன்றும் இல்லை, பையன்கள் எந்நேரமும் உட்கார்ந்தே படிக்கிறார்கள், உடம்பு இளகிவிடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு, இது உடம்புக்கு நல்லது என்று பொறுமையாக விளக்கினார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். நல்லது என்றால் நீங்கள் ஏன் ஓடாமல் நிற்கிறீர்கள் என்று கேட்டார். அந்த மனிதர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் வந்து எங்களை ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான். அப்பா முகம் கழுவப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னான். "புள்ள, அப்பங்கிட்டச் சொல்லிராத. ஓடறது எனக்கு நொம்பப் புடிச்சிருக்குது. ஓடறப்ப நான் யாரு, எந்த லைனுன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல." அதைச் சொன்னபோது அவன் கண் பளபளவென்று இருந்தது. பந்து விளையாடுகிற கோஷ்டியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னான். பதினேழு வயது வரை உட்காரவைத்த பிள்ளைக்கு அப்போதுதான் கால் இருப்பதே தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு அது எங்கே புரியப்போகிறது. நேரே பிரின்சிபால் துரையின் அறை வாசலுக்குப் போய் நின்றுவிட்டார். என் தோளில் நாற்காலி தூக்குவது இவன் வியர்க்காமல் இருப்பதற்கு, இங்கேயும் இவனை ஓடவிட்டால் நான் தூக்கியதற்கு என்ன பலன் என்று, சட்டையை விலக்கி அந்தக் காய்ப்பைக் காட்டினார். குமாஸ்தா ஒருவர் அதை இங்கிலீஷில் சொன்னார். எவ்வளவு சொன்னாரோ, எதை விட்டாரோ. டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் யாருக்கும் விலக்கு இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அப்பா பிடித்துக்கொண்டது அந்தச் சர்டிபிகேட் என்ற சொல்லைத்தான். அந்தச் சீசனில் கீழ்நாட்டு டாக்டர் ஒருவர் மலைக்கு வந்தார். அவரை நாற்காலியில் தூக்கி வந்த அப்பா, உச்சியில் இறக்கிவிட்டு, கூலியும் இனாமும் வேண்டாம், எனக்கு ஒரு சர்டிபிகேட் கொடுங்கள் என்று கேட்டார். டாக்டருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பையனைப் பார்க்கவில்லை. நாடியைத் தொடவில்லை. இவன் இதயம் பலவீனமானது, ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது என்று நாற்காலிக் கைப்பிடியிலேயே காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணன் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அப்பா தோளைக் காட்டினார். அதற்கு மேல் எந்தப் பிள்ளையால் பேச முடியும்? சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்கப்புறம் மற்றவர்கள் ஓடும்போது அவன் மரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். பையன்கள் அவனுக்கு ஹார்ட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த லீவுக்கு வந்தபோது மட்டக்குதிரைமேல் இருந்துகொண்டு, ஏற்றம் வரும்போதெல்லாம் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். ஒன்றுமில்லை, சும்மா பார்க்கிறேன் என்றான்.

4

மேலே உள்ளதை எழுதி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் வீட்டில் ஒரே ரகளை.

டாக்டரிடம் போகக் கூடாது என்று நான் சொன்னதற்கு, உனக்கு என்ன தெரியும், ஐந்தாம் வகுப்பு என்றார் என் வீட்டுக்காரர். ஐந்தாம் வகுப்புதான். ஆனால் இவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்றால் அவர் போட்ட கட்டளை நடுவில் நிற்கிறது. அவருடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்த நாட்டில் தமிழன் என்றால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் என்றுதான் பார்க்கிறார்கள். ஆபீசில் இவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்கள், நீயும் தோட்டத்திலிருந்து வந்தவனா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிள்ளை வெயிலில் ஓடினால், ஒரு பையைக் கையில் தூக்கினால், அந்தக் கேள்வி திரும்பி வந்துவிடும் என்று நடுங்குகிறார். எத்தனை கடல் தாண்டினாலும் மேஸ்திரி மனசுக்குள் இருந்துகொண்டு நாற்காலியைக் கழுவச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போயிருந்தபோது தகப்பனும் மகனும் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போய்ச் சீட்டை வாங்கி வந்துவிட்டார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். எதற்கு, தெரிந்தவர்தானே என்றான் நடேசன்.

5

அண்ணன் எஃப்.ஏ. முடித்து வந்தான். எஸ்டேட்டுக்கு அப்போது புதிய துரை. பெரிய துரைசானி சீமைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனதால், கணக்கு எழுதும் அசிஸ்டெண்ட் ரைட்டராக அவனை எடுத்துக்கொண்டார். ரைட்டர் என்றால் ஆபீஸ், மேசை, நாற்காலி. அப்பா முந்தின நாளே ஆபீஸ் ஜன்னல் வழியாக அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தார். கழி கட்டாத நாற்காலி. லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். என் மகன் நாளைக்கு உட்காரப்போகிறான் என்று.

ரைட்டர் உட்காருவது மத்தியானத்துக்கு மேல்தான் என்பது அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பழைய துரை சோம்பேறி, பங்களாவை விட்டு இறங்காதவர், ரைட்டரும் இறங்கியதில்லை. புதிய துரை அப்படியில்லை. காலையில் தோட்டம் முழுக்க நடந்தே சுற்றுவார். எந்தச் சரிவில் எத்தனை பேர், எவ்வளவு பழம் என்று பார்க்க ரைட்டரும் கூடவே வர வேண்டும். நடை அவருக்குப் பொழுதுபோக்கு. சாயங்காலம் பந்து வேறு அடிப்பார். உடம்பு வேர்ப்பதற்கென்றே அவர்கள் தனியாக நேரம் ஒதுக்குவார்கள். வேர்க்காமல் இருப்பதற்கு நாங்கள் பிள்ளையையே ஒதுக்கியிருந்தோம்.

பழம் பறிக்கிற காலம். அவனுடைய முதல் நாளன்று நான் மேட்டுச் சரிவில் நின்றிருந்தேன். துரை மேலே ஏறி வருகிறார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக என் அண்ணன். முதலில் பத்தடி பின்னால் வந்தான், அப்புறம் ஐம்பதடி. கோட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கை நெஞ்சில் இருந்தது. எங்கள் வரிசைக்குக் கொஞ்சம் கீழே ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றவன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். பறிக்கிற பெண்களில் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதே சரிவில், இடுப்பில் பழ மூட்டையோடு காலையிலிருந்து ஏறி இறங்குகிறவர்கள். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியும் அதில் இருந்தாள்.

நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். துரை எனக்கு முன்னால் வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. குனிந்து, என்ன செய்கிறது என்று இங்கிலீஷில் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே, படித்தவன் படித்தவனுக்குச் சொல்வது போல, அண்ணன் சொன்னான்.

"ஹார்ட் வீக், சார்."

அவனுக்கு ஒன்றுமில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. பழக்கமில்லாத கால், பழக்கமில்லாத மூச்சு. ஒரு மாதம் நடந்தால் ஆடு மாதிரி ஏறுவான். இது எந்த மலைக்காரருக்கும் தெரியும். துரை பாஷையில் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. துரை தலையை ஆட்டினார். இதயம் சரியில்லாதவனுக்கு மலையில் என்ன வேலை, பாவம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். வீட்டுக்கு எப்படிப் போவான் என்று அவரே யோசித்து, நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

நான்கு பேர் நாற்காலியோடு வந்தார்கள். முன் கழி வலது பக்கம் என் அப்பா.

யாரைத் தூக்கப்போகிறோம் என்று அவருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வேலை போய்விட்டது என்று மேஸ்திரி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கத்தான் வேண்டும். அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். கோட்டை இழுத்து நேராக்கினார். விழுந்து கிடந்த தலைப்பாகையை எடுத்துத் தூசி தட்டி அவன் தலையில் வைத்தார். பிறகு குனிந்து கழியைத் தோளில் வாங்கினார்.

லைன் வளைவு வந்ததும், எங்கள் வீடு வரை பாதை குறுகல், இங்கேயே இறக்கிவிடலாமா என்று பின்னாலிருந்தவர் கேட்டார். "எறக்காதீங்கப்பா" என்றார் அப்பா. "ஊடு வரைக்கும் போவட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

லைனில் யாருக்கும் நடந்தது தெரியாது. ரைட்டர் முதல் நாளே நாற்காலியில் வருகிறார் என்று பெண்கள் வெளியே ஓடிவந்தார்கள். துரை மரியாதை செய்து அனுப்பியிருக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி உள்ளே போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டைக் கொண்டுவந்து சுற்றினாள். அண்ணன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நான் பின்னால் அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆரத்தித் தட்டு சுற்றும்போது என் அப்பா முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

6

அண்ணன் அதற்கப்புறம் உட்கார்ந்தேதான் இருந்தான். பலா மரத்தில் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார் அப்பா. நடந்து பார்க்கலாம் வா என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். சீட்டு பொய் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குச் சரிவில் நெஞ்சு அடித்துக்கொண்டதே, அது பொய்யா என்று கேட்பான். வரவர வாசல் படி இறங்கினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கல்யாணம் ஆகி நான் கப்பலேறும்போது, வழியனுப்ப அடிவாரம் வரைகூட வரவில்லை. மலை ஏறித் திரும்ப முடியாது என்றான். நான் இங்கே வந்த நான்காம் வருஷம் அவன் போய்விட்டதாகச் சேதி வந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே போயிருக்கிறான். நெஞ்சுவலி என்று சொன்னார்கள். முப்பது வயது ஆகவில்லை. அப்பா அதற்கப்புறமும் மூன்று வருஷம் நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தாராம்.

நேற்று, என் வீட்டுக்காரரின் கட்டளையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, இதையெல்லாம் நடேசனிடம் சொன்னேன். என் அப்பா யார், அவர் தோள் எப்படி இருந்தது என்பதில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கேட்டான். நடுவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை அவன் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அதே சீனக் கிழவர். நடேசன் பெட்டியைத் தூக்கி வந்தான், அவனே தூக்கி வந்தான். எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. காலில் விழுந்து எழுந்தவன், போகாமல் நின்றான்.

"அம்மா, மாமாவுக்கு நிஜமாவே ஹார்ட் வீக்கா இருந்திச்சா?"

"இல்ல சாமி. எழுதிக் குடுத்த பொறவுதான் ஆச்சு."

அவன் வலது கை மேலே போயிற்று. இடது பக்கத்துச் சட்டைப் பை. சீட்டு அந்தப் பையில்தான் இருந்தது. அவன் சீட்டைத் தொட்டுப் பார்த்தானா, நெஞ்சைத் தொட்டுப் பார்த்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுக்காமலேயே போய் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தான். கிழவர் குனிந்து கைப்பிடியைத் தூக்கினார்.